முன்பாரம், பின்பாரம்

சாமான் ஏற்றும் சாதாரண டிரெய்லர் ஒன்றின் மேல் இரண்டு பேர் படுக்கும் அளவுக்கு ஒரு மர அறை கட்ட வேண்டும் என்று எட்டு மாதமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். நோட்டில் அறுபது பக்கம் தாண்டிவிட்டது. மாதிரித் துண்டுகளைத் தவிர இன்னும் ஒரு பலகையைக்கூட அறுக்கவில்லை. டிரெய்லர் தார்ப்பாய் மூடி நிற்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் "எப்பத்தான் ஆரம்பிக்கப் போறீங்க?" என்று கேட்கிறார்கள். சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொள்கிறார்கள் போல. எனக்கு இந்த எட்டு மாதமும் வேண்டியிருந்தது. அதற்குக் காரணம் ஒரு பத்து விநாடி.

நான்கு வருடம் முன்பு வீடு மாறும்போது தெரிந்தவர் ஒருவரின் டிரெய்லரை இரவல் வாங்கியிருந்தேன். கடைசி நடை. மெத்தைகளும் துணி மூட்டைகளும் முதலில் ஏறிவிட்டன. இரும்பு பீரோ கடைசியாகத்தான் வீட்டிலிருந்து இறங்கியது, மிச்சம் இருந்த இடமும் பின்னால்தான். அங்கேயே நிறுத்தி, இரண்டு பக்கமும் பட்டை போட்டு இறுக்கிக் கட்டினேன். பிடித்து உலுக்கிப் பார்த்தேன், அசையவில்லை. அந்தத் திருப்தியோடு கிளம்பினேன். நீளமான ஓர் இறக்கத்தில் வேகம் 80-ஐத் தொட்டபோது ஸ்டியரிங் திடீரென்று லேசானது. காரின் பின்பக்கத்தை யாரோ இரண்டு கையாலும் பிடித்து இடப்பக்கம் தள்ளுவது போல இருந்தது. அடுத்து வலப்பக்கம். ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிட அகலம். பக்கக் கண்ணாடியில் டிரெய்லர் ஒருமுறை முழுசாகத் தெரிந்தது, அடுத்த நொடி காணாமல் போனது, மறுபக்கக் கண்ணாடியில் வந்தது. பிரேக்கை மிதிக்கத் துடித்த காலை எப்படியோ அடக்கி, ஆக்சிலரேட்டரிலிருந்து மட்டும் எடுத்தேன். ஸ்டியரிங்கைத் திருப்பாமல் நேராகவே பிடித்துக்கொண்டேன். வேகம் 60-க்குக் கீழே வந்ததும் ஆட்டம் தானாகவே அடங்கியது.

ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தேன். பீரோ ஓர் அங்குலம்கூட நகரவில்லை. பட்டை தளரவில்லை. டயரில் காற்று சரியாக இருந்தது. ஒன்றும் உடையவில்லை, ஒன்றும் அவிழவில்லை. அதுதான் என்னை விடாமல் துரத்தியது. எல்லாம் சரியாகவே இருந்தால் அந்தப் பத்து விநாடி எங்கிருந்து வந்தது?

பதில் மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்குக் காலங்காலமாகத் தெரிந்ததுதான். வண்டியில் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வார்கள். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்தை நுகத்தடி அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும், மாடு கால் ஊன்றி இழுக்க முடியாது. டிரெய்லரிலும் அதே கதை. காரின் கொக்கியில் வந்து உட்காரும் அந்த மூக்கின் மேல் கொஞ்சமாவது பாரம் இறங்கியாக வேண்டும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதற்குக் கீழே போனால், காற்றோ பள்ளமோ கொடுக்கும் சின்னத் தட்டல் அடங்குவதற்குப் பதிலாக வளர ஆரம்பிக்கும். அதோடு மூக்கு மேலே தூக்குவதால் காரின் பின் டயர்கள் தரையைப் பிடிக்கும் பிடியும் குறையும். குறிப்பிட்ட வேகம் வரை எதுவும் தெரியாது. அதைத் தாண்டினால் ஆட்டம் தன்னைத் தானே ஊட்டிக்கொள்ளும். என் பீரோ இறுக்கமாகத்தான் கட்டப்பட்டிருந்தது. கட்டிய இடம்தான் தப்பு.

ஆகவே அறை கட்டும் ஆசை வந்தபோது, மற்றவர்கள் படம் வரைவதிலிருந்து தொடங்குவார்கள், நான் எடையிலிருந்து தொடங்கினேன்.

ஐந்து பலகைக் கணக்கு

என் டிரெய்லரின் படுகை 4 அடிக்கு 8 அடி. ஒரு முழு ப்ளைவுட் பலகையின் அளவும் அதேதான். இந்தப் பொருத்தம் எவ்வளவு பெரிய வசதி என்பது வரைய உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. தரைக்கு ஒரு பலகை, கூரைக்கு ஒன்று, இரண்டு பக்கச் சுவருக்கும் ஆளுக்கொன்று, முன்னும் பின்னும் சேர்த்து ஒன்று. ஆக ஐந்தே பலகையில், 1.2 மீட்டர் உயரத்தில் ஒரு பெட்டி தயார். கழிவு என்று பார்த்தால் ஒரு கை அகலத்துண்டுகூட மிஞ்சாது.

சித்தப்பா தச்சு வேலையில் நாற்பது வருடம் இருந்தவர். வரைபடத்தைப் பார்த்ததும் "18 மில்லி போட்டுடு, யோசிக்காத" என்றார். "பலகை கனமா இருந்தாத்தான் பெட்டி பெட்டியா நிக்கும். ரோட்டுல ஓடுற சாமான். மெலிசா போட்டா நாலு மாசத்துல கிலுகிலுப்பை ஆயிடும்." அவர் சொன்னால் மறுத்துப் பேச எனக்கு வாய் வராது. அவர் செய்த மேசையில்தான் நான் படித்தேன், என் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஆனால் நோட்டில் எழுதிப் பார்த்தால் கணக்கு ஒத்துவரவில்லை. 18 மி.மீ. ப்ளைவுட் ஒரு முழுப் பலகை சுமார் 32 கிலோ வரும். ஐந்துக்கு 160. சட்டங்களுக்கு 40, கதவு, ஜன்னல், மேல்தகடு எல்லாம் சேர்த்து 35. வெறும் கூடே 235 கிலோ. என் காரின் கையேட்டில் பிரேக் இல்லாத டிரெய்லருக்குப் போட்டிருக்கும் வரம்பு மொத்தம் 500 கிலோ. காலி டிரெய்லரை எடைமேடையில் ஏற்றிப் பார்த்தேன், 180. மீதி 320. கூடு 235 போனால் மெத்தை, தண்ணீர், பேட்டரி, அடுப்பு, பாத்திரம், துணி, கருவிகள் எல்லாவற்றுக்கும் 85 கிலோதான். நான் ஒவ்வொன்றாக நிறுத்து எழுதி வைத்திருந்த பட்டியலோ 115-ஐ நெருங்கியது. 30 கிலோ உதைக்கிறது. அதுவும் வரம்பைத் தொட்டுக்கொண்டு ஓட்டுவது எனக்கு இஷ்டமில்லை. 500 என்றால் 450-க்குள் நிற்க வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன்.

பலகையை மெலிதாக்கலாம். ஆனால் 6 மில்லி ப்ளைவுட்டைச் சும்மா நிறுத்தினால் சித்தப்பா சொன்னதுதான் நடக்கும், அதிரும். இங்கேதான் நுரைப் பலகை வருகிறது. தெர்மோகோலின் நெருங்கிய உறவு, ஆனால் உருண்டை உருண்டையாக உதிராது. எக்ஸ்பிஎஸ் என்பார்கள். குளிர்ச் சேமிப்பு அறைகளிலும் கட்டடங்களிலும் வெப்பத்தைத் தடுக்கப் போடுவது. 40 மி.மீ. தடிமனில் முழுப் பலகை 4 கிலோகூட வராது. இதன் இரண்டு பக்கமும் 3 மி.மீ. ப்ளைவுட்டை ஒட்டினால் ரொட்டித்துண்டுகளுக்கு நடுவே வைத்தது போல ஒரு சுவர் கிடைக்கும். பசையோடு சேர்த்து 16 கிலோ. 18 மில்லியின் எடையில் சரிபாதி.

வளையாமல் இருப்பதற்குக் காரணம் எளிது. ஒரு பலகை வளையும்போது அதன் மேல்பரப்பு நசுங்கப் பார்க்கும், கீழ்ப்பரப்பு இழுபடும். நடுவில் இருக்கும் மரம் பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது. அந்தச் சும்மா இருக்கும் மரத்தை எடுத்துவிட்டு, மேல் தோலையும் கீழ்த் தோலையும் தள்ளித் தள்ளி நிறுத்தினால் போதும், இரண்டும் சேர்ந்து நிற்கும் உறுதி பல மடங்கு கூடும். பாலங்களிலும் கட்டடங்களிலும் போடும் இரும்பு உத்தரம் நடுவில் மெலிந்தும் மேலும் கீழும் அகன்றும் இருப்பதும் இதனால்தான். சித்தப்பாவிடம் இதை எல்லாம் விளக்கவில்லை. ஓரடி அகலம், மூன்றடி நீளத்துக்கு ஒரு மாதிரித் துண்டு ஒட்டி, இரண்டு செங்கல்லின் மேல் வைத்து, "ஏறி நில்லுங்க சித்தப்பா" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். நடுவில் நின்று ஒருமுறை மெதுவாக எம்பினார். பலகை வளைந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. இறங்கிக் கையில் எடுத்தார். எடையே இல்லாததைக் கையில் எடுத்தவர்போல, எதிர்பார்த்த உயரத்தைத் தாண்டி அவர் கை மேலே போனது. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். ஓரத்தை முகர்ந்து பார்த்தார். "பசை என்ன?" என்று மட்டும் கேட்டார்.

நல்ல கேள்வி. அதற்கு முந்தைய வாரம்தான் அதில் ஒரு பாடம் படித்திருந்தேன். லேமினேட் ஒட்டும் மஞ்சள் பசையை நுரையின் மேல் ஒரு பட்டையாகத் தடவிவிட்டுத் திரும்பினேன். மறுபடி பார்க்கும்போது தடவிய இடம் மட்டும் குழிந்து, ஓரமெல்லாம் அரித்துப்போய், வாய்க்கால் வெட்டியது போல் கிடந்தது. அந்தப் பசையில் இருக்கும் கரைப்பான் நுரையைத் தின்றுவிடுகிறது. பெட்ரோலும் நகப்பூச்சு நீக்கியும் இதையேதான் செய்யும். படகு செய்பவர்கள் பயன்படுத்தும் பாலியெஸ்டர் ரெசினும் ஆகாது, எப்பாக்சி ஆகும். நீரில் கரையும் மரப்பசைக்கும் பாலியுரேத்தேன் பசைக்கும் ஒன்றும் ஆவதில்லை. எந்தப் பசையாக இருந்தாலும் வெட்டி எறிந்த துண்டில் தடவி ஒரு ராத்திரி விட்டுப் பார்த்துவிட்டுத்தான் சுவரைத் தொடுவது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

தரை மட்டும் வேறு. மிதிபடும் பக்கம் 9 மில்லி, அடியில் 3 மில்லி, நடுவில் அதே நுரை: 27 கிலோ. மற்ற நான்கு பலகைக்கும் 64. கதவு ஓரம், மூலைகள், போல்ட் இறங்கும் இடங்கள் என்று நுரையை வெட்டி எடுத்துவிட்டுக் கட்டை புதைக்க 20. நுரையின் மேல் நேரடியாக போல்ட்டை முறுக்கினால் அது அமுங்கிக்கொண்டே போகும், பிடி இருக்காது. வெளியே கெட்டித் துணியைப் பசையில் ஊறவைத்து ஒட்டி, அதன் மேல் மூன்று நான்கு கோட் வெளிப்புறப் பெயிண்ட் அடிக்க 15. கண்ணாடி இழை போர்த்த முடியாதவர்கள் பலகாலமாகச் செய்துவரும் வழி இது. கதவு, காற்றுத் துவாரம் எல்லாம் 25. கூட்டினால் 151. எனக்கு அன்று நல்ல தூக்கம் வந்தது.

ஸ்கேலும் நட்டுகளும்

ஆனால் கூட்டிய எண் சரியாக வந்ததே என்னை ஏமாற்றப் பார்த்தது. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

என் வரைபடத்தில் சமையலறை பின்னால் இருந்தது. இந்த வகை அறைகளில் அதுதான் வழக்கம். 1930-களில் அமெரிக்காவில் கண்ணீர்த்துளி வடிவத்தில் செய்த சின்ன டிரெய்லர்களிலிருந்தே, பின்கதவை மேலே தூக்கினால் அடுப்பும் அலமாரியும் தெரியும். அந்தக் கதவே தலைக்கு மேல் கூரையாக நிற்கும். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எனக்கு ஆசையே வந்தது. ஆகவே அடுப்பும் பாத்திரமும் பின்னால், தண்ணீர் சமையலுக்கு வேண்டும் என்பதால் பின்னால், விளக்கு அங்கேதான் என்பதால் பேட்டரியும் பின்னால், எடுக்க வசதி என்று கருவிப் பையும் பின்னால். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. எதையும் கண்மூடித்தனமாக வைக்கவில்லை.

ஒரு ஞாயிறு மதியம், பெண்ணின் 60 சென்டிமீட்டர் மர ஸ்கேலை எடுத்து, சரியாக 30-ல் ஓர் உருண்டைப் பென்சிலை அடியில் வைத்தேன். பென்சில்தான் சக்கர அச்சு. உண்மையில் பத்து சென்டிமீட்டர் என்றால் ஸ்கேலில் ஒன்று. டப்பாவில் கிடந்த இரும்பு நட்டுகளில் பெரியது பத்து கிலோ, அதில் பாதி எடை இருந்தது ஐந்து கிலோ. காலி டிரெய்லரின் மூக்கைக் குளியலறை எடைக்கருவியில் வைத்து ஏற்கெனவே பார்த்திருந்தேன், 22 கிலோ. அச்சிலிருந்து கொக்கி வரை 2.4 மீட்டர். அப்படியானால் டிரெய்லரின் 180 கிலோவும் அச்சுக்கு 29 சென்டிமீட்டர் முன்னால் குவிந்திருப்பதாகக் கொள்ளலாம். 18 நட்டுகளைக் கயிற்றில் கோத்துக் கட்டி, அச்சுக்கு முன்னால் மூன்றில் வைத்தேன். கூட்டுக்கு 15 நட்டு, முன்னால் ஒன்றில். ஸ்கேலின் முன்பக்கம் டொக் என்று மேசையில் இறங்கியது. நல்லது. மெத்தை, அதே இடத்தில். முன் மூலையில் துணிப்பை, ஒரு நட்டு.

அப்புறம் சமையலறை. அடுப்பும் சாமானும் மூன்று நட்டு, பின்னால் ஒன்பதரையில். தண்ணீர் இரண்டு நட்டு, அதே இடம். அலமாரிப் பலகை ஒன்று. பேட்டரி ஒன்று. ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தேன், முன்பக்கம் மேசையைத் தொட்டபடியே இருந்தது. சரி, பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை என்று நினைத்தேன். கடைசியாகக் கருவிப் பை. ஒரு பெரிய நட்டு, ஒரு சின்ன நட்டு. பெரியதைப் பின்னால் பத்தில் வைத்தேன். ஸ்கேலின் முனை மேசையை விட்டு எழவில்லை, ஆனால் லேசாகத் துடித்தது. சின்னதை வைத்து விரலை எடுத்தேன். முன்முனை மெதுவாக, சத்தமே இல்லாமல் மேலே எழுந்தது. பின்பக்கம் மேசையில் படிந்தது. நட்டுகள் சரிந்து உருண்டன.

அந்த மெதுவைப் பார்த்தபோது என் உள்ளங்கை வியர்த்துவிட்டது. அது அந்த இறக்கத்தில் ஸ்டியரிங் லேசான அதே உணர்வு. மொத்த எடை 445 கிலோ, வரம்புக்குள்தான் இருந்தது. எடைமேடையில் ஏற்றினால் எந்தக் குறையும் தெரிந்திருக்காது. ஆனால் மூக்கில் இறங்கவேண்டிய ஐம்பது அறுபது கிலோவுக்குப் பதிலாக, கொக்கியை இரண்டு கிலோ மேலே தூக்கும் ஒரு வண்டியை மாதக்கணக்கில் ஆசை ஆசையாக வரைந்து வைத்திருந்தேன். பீரோவைத் துண்டு துண்டாக வெட்டி, அடுப்பு, தண்ணீர், பேட்டரி என்று வேறு வேறு பெயர் வைத்து, அதே இடத்தில் கொண்டுபோய் வைத்திருந்தேன்.

பின்னால் சமையலறை வைத்த வண்டிகள் நன்றாகத்தானே ஓடுகின்றன என்று கேட்கலாம். ஓடுகின்றன. முதலிலிருந்தே அதற்கென்று செய்பவர்கள் அச்சைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள். நான் வாங்கியது சாமான் டிரெய்லர். அதன் அச்சு படுகையின் நடுவிலிருந்து வெறும் 10 சென்டிமீட்டர்தான் பின்னால். மணலையோ செங்கல்லையோ சமமாகப் பரப்பி ஏற்றுபவருக்கு அது போதும். அச்சை நகர்த்துவதென்றால் வெல்டிங், நேர் பார்ப்பது என்று வேலை பெரிதாகும். என் கை அதற்குப் பழகியதில்லை. நகர்த்த முடிந்தது சாமான்களைத்தான்.

அன்று சாயங்காலம் முழுக்க நட்டுகளோடு உட்கார்ந்திருந்தேன். சமையலறை என்ற ஒன்றையே எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரே பெட்டி, உள்ளே முன்பக்கம் கால்மாட்டில் நிற்கும். போய் நிறுத்தியதும் வெளியே தூக்கி மடக்கு மேசையில் வைத்துக்கொள்ளலாம். அலமாரிப் பலகையின் 12 கிலோ 4 ஆனது. பேட்டரி பெட்டிக்குப் பக்கத்தில் போனது. மூக்குச் சட்டத்தின் மேல் ஒரு சின்னப் பெட்டி, அதில் கருவிகள், தண்ணீர். துணிப்பை மட்டும் பின்னால். கணக்குப் போட்டால் மூக்கில் 72 கிலோ. 16 சதவீதம். இப்போது முன்பாரம் கூடிவிட்டது. காரின் கொக்கி தாங்கும் வரம்பு 75-தான். அதோடு காரின் பின்பக்கம் அமுங்கினால் முன் சக்கரங்களின் பிடி குறையும், ஸ்டியரிங் அதில்தானே இருக்கிறது.

எதை நகர்த்துவது என்று யோசித்தபோதுதான் தண்ணீரைப் பற்றிய ஒரு விஷயம் உறைத்தது. மற்ற எல்லாம் போகும்போதும் வரும்போதும் ஒரே எடை. தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே வரும். 20 லிட்டர் என்றால் போகும்போது 20 கிலோ, திரும்பும்போது பூஜ்யம். அதை மூக்கில் வைத்தால் போகும்போது ஒரு வண்டி, வரும்போது வேறு வண்டி. மாறும் எடையை அச்சுக்கு நேர் மேலே வைத்துவிட்டால் இருந்தாலும் போனாலும் மூக்குக்குத் தெரியாது. என் டிரெய்லரில் சக்கரங்கள் படுகைக்கு வெளியே இருப்பதால், இரண்டு மட்கார்டுக்கும் மேலே பத்து லிட்டர் கேன் ஒன்று ஒன்று நிறுத்த இடம் இருக்கிறது. அங்கே வைத்ததும் மூக்கில் 59 கிலோ, மொத்தம் 443. 13 சதவீதம். தண்ணீர் தீர்ந்தாலும் 14-ஐத் தாண்டாது. நோட்டில் அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருக்கிறேன்.

துணிச் சுவருக்குள் ஒரு ராத்திரி

எடை படிந்த பிறகு மற்றவை கொஞ்சம் சுலபமாகவே வந்தன. கூடத்துத் தரையில் 8 அடிக்கு 4 அடி ஒட்டுநாடா ஒட்டி, சுற்றிலும் நாற்காலிகளை நிறுத்தி, கயிறு கட்டி, போர்வைகளைச் சுவராகத் தொங்கவிட்டேன். உள்ளே மெத்தை போட்டு நானும் மனைவியும் ஒரு ராத்திரி படுத்தோம். உள் அகலம் 1.13 மீட்டர் என்று காகிதத்தில் எழுதுவது வேறு, முழங்கை இடிக்க அதில் புரள்வது வேறு. மெத்தையின் மேல் உட்கார்ந்தால் தலைக்கு மேல் நான்கு விரல் இடைவெளி இருந்தது, போதும். நிற்க வேண்டும் என்ற ஆசையை முன்பே விட்டுவிட்டேன். உயரம் கூடக் கூட எதிர்க்காற்று வாங்கும் முகம் பெரிதாகும், பக்கக் காற்றில் தள்ளாட்டம் கூடும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 60-லிருந்து 80-க்குப் போனாலே அது முக்கால் மடங்குக்கும் மேல் கூடிவிடுகிறது.

நடு இரவில் மனைவி, "ஏங்க, ஒரு கதவுதானா? நான் எழுந்து போகணும்னா உங்க மேல ஏறித்தான் போகணும்" என்றாள். உண்மைதான். பின்கதவு என்று வரைந்திருந்ததை அழித்துவிட்டு, சக்கரத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு சின்னக் கதவு என்று மாற்றினேன். எடை கூடாமல் இருக்கத் தனி ஜன்னல்களை எடுத்துவிட்டு, கதவிலேயே கண்ணாடி வைத்தாயிற்று.

காற்றோட்டத்தில் மட்டும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு பேர் ஒரு ராத்திரி தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலுமாக அரை லிட்டர் அளவுக்கு ஈரம் வெளியேறும். இவ்வளவு சின்ன இடத்தில் அது எங்கே போகும்? குளிர்ந்த கண்ணாடியிலும் உலோகத்திலும் துளியாகப் படியும், மெத்தையின் அடியில் ஊறும், மரத்துக்குள் இறங்கும். கீழே ஒரு பக்கம் காற்று நுழைய வழி, மேலே எதிர்ப்பக்கம் வெளியேற வழி, இரண்டையும் முழுசாக மூட முடியாதபடி வைக்கப் போகிறேன். உள்ளே அடுப்பு பற்றவைக்கும் பேச்சே இல்லை. எரியும் எதுவும் கார்பன் மோனாக்சைடு விடும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, தூங்குபவரை எழுப்பாது. சுவருக்குள் இருக்கும் நுரையும் தீப்பிடித்தால் கரும்புகை கக்கி உருகிச் சொட்டும் ஜாதி. சமையல் பெட்டி வெளியே போனதில் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச வருத்தமும் இதை நினைத்ததும் போய்விட்டது.

மழைக்கு என் திட்டம் ஒன்றுதான்: கூரையில் ஓர் ஆணிகூட அடிக்காமல், துணியை ஒரே துண்டாகப் பக்கச் சுவர் வரை மடித்து இறக்குவது. ஓட்டை போட்ட இடத்தில்தான் நீர் நுழையும். அப்புறம் குலுங்கல். அதிக பாரத்துக்கென்று வைத்த பட்டை ஸ்பிரிங், லேசான பாரத்தில் அமுங்கிக் கொடுக்காமல் உதறும். அதனால் தரைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ரப்பர் பட்டை, போல்ட்டுகளுக்குத் தளராத நைலான் நட்டு, பெரிய வாஷர்.

போன ஞாயிறு சித்தப்பா காலையிலேயே வந்துவிட்டார். பலகை அறுப்பதற்கு முன்னால் எனக்கு ஒன்று பார்த்தாக வேண்டும் என்று சொல்லியிருந்தேன். தார்ப்பாயை எடுத்துவிட்டு, டிரெய்லரின் மேல் மணல் மூட்டைகளையும் தண்ணீர்க் கேன்களையும் ஏற்றினோம். கூட்டின் 151 கிலோவுக்கு மூட்டைகள், அவற்றின் நடு அச்சுக்கு 10 சென்டிமீட்டர் முன்னால் வரும்படி பரப்பி. பேட்டரி இருக்குமிடத்தில் ஒன்று, பெட்டிக்கு மூன்று, மூக்கில் இரண்டு, மட்கார்டு மேல் கேன்கள். ஒவ்வொன்றையும் நிறுத்து, சாக்பீஸில் எண் போட்டுத்தான் ஏற்றினேன். சித்தப்பா ஒரு வார்த்தை கேட்காமல் டேப்பைப் பிடித்துக்கொண்டார். மூக்கின் அடியில் கட்டை வைத்து, எடைக்கருவியை நுழைத்து, முட்டி போட்டுப் பார்த்தேன். 61. நோட்டில் 59. மறுபடி டேப் பிடித்துப் பார்த்தபோது ஒரு மூட்டை அரை அடி முன்னால் தள்ளி இருந்தது தெரிந்தது.

எல்லாவற்றையும் இழுத்துக் கட்டி, கொக்கியில் மாட்டி, ஆளில்லாத சாலைக்குக் கொண்டுபோனோம். 40, 50, 60. ஒரு நீளமான இறக்கத்தில் 70. அப்புறம் 80. என் இரண்டு கையும் ஸ்டியரிங்கை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தன. அது கனமாக, தரையோடு பேசிக்கொண்டு, அப்படியே இருந்தது. பக்கத்தில் ஒரு பெரிய லாரி உரசினாற்போல் கடந்தது. காற்று ஒரு தட்டுத் தட்டியது. டிரெய்லர் ஒருமுறை அசைந்து, காரின் பின்னால் வந்து நின்றுகொண்டது. சித்தப்பா தன் பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தார்.

வீட்டுக்கு வந்து மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது அவர் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, "அந்த 3 மில்லி பலகையை எடுத்துட்டு வா" என்றார்.